வேப்பிலை வாசலில், மருந்து முகத்தில்

எங்கள் கம்பெனி கேட்டில் மெஷினுக்கு முகத்தைக் காட்டினால்தான் வருகை பதிவாகும். மாஸ்க்கை இறக்கிவிட்டு, பச்சை விளக்கு வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும். பின்னால் அம்பத்தூர் ரயிலில் இறங்கி ஓடிவந்த கூட்டம் முழுதும் வரிசையில் நிற்கும். அந்த ஐந்து வினாடிக்கு நான் வீட்டிலிருந்தே பயந்துகொண்டு போவேன். கொரோனா காலத்து மாஸ்க்கை எல்லாரும் கழற்றி எறிந்தாகிவிட்டது. நான் மட்டும் விடவில்லை. மதியச் சாப்பாடுகூட சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான்.

"பரு எல்லாம் ஒரு வியாதியா?" என்று கேட்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. வீட்டுக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்காக எழுதுகிறேன்.

முதல் தப்பு என்னுடையது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பூசினேன். ஒரே வாரத்தில் முகம் பளபளத்தது. நிறுத்தினால் பரு இரண்டு மடங்காக வந்தது. மறுபடி பூசினேன். இப்படியே ஒரு வருடம் போனது. தோல் மருத்துவர் அந்த ட்யூபைப் படித்துப் பார்த்துவிட்டு நேராகக் குப்பைக் கூடையில் போட்டார். "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா" என்றார். (சிவப்பையும் வீக்கத்தையும் தற்காலிகமாக அமுக்கும் மருந்து, முகத்தில் நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து பரு பெருகும்.)

இரண்டு மாதம் தோலை ஆற்றிய பிறகுதான் கெமிக்கல் பீல் செய்தார். (மிதமான அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரியவைக்கும் சிகிச்சை.) எனக்குப் பூசியது சாலிசிலிக் அமிலம். (எண்ணெய்ப் பசைக்குள் இறங்கி, அடைத்த துவாரங்களைத் திறப்பது.)

"எரியுமா டாக்டர்?"

"எரியும். பத்துக்கு எவ்ளோன்னு சொல்லிக்கிட்டே இரு. ஏழுன்னா துடைச்சிடுவேன்."

ஆறு வரைக்கும் சொன்னேன். அதற்குள் முடிந்துவிட்டது. வெயிலில் போகாதே, உரியும் தோலைப் பிய்க்காதே, மஞ்சள், எலுமிச்சை என்று எதையும் பூசாதே, தேய்த்தால் கருந்தழும்பு நிற்கும் என்று நாலு முறை சொல்லி அனுப்பினார்.

அம்மாவிடம் ஓவர்டைம் என்று பொய் சொல்லியிருந்தேன். அமிலம் என்ற சொல்லைக் கேட்டாலே ஊரைக் கூட்டிவிடுவாள். அவளுக்கு ஆவடியில் ஒரு கேன்டீனில் சமையல் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். இரவில் நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன். அதனால் இரண்டு நாள் தப்பித்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முகம் சிவந்து, வாயைச் சுற்றித் தோல் உரிந்துகொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி இது... அம்மா வந்துகீது!"

அம்மை என்று முடிவே கட்டிவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. தாளிப்பு நின்றது. அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது என்று என் க்ரீம்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்து மிக்ஸி ஓடியது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த கிண்ணத்தோடு வந்து என் முகவாயைப் பிடித்தாள்.

அந்தப் பச்சைத் தோலில் அதைத் தேய்த்தால் பட்டபாடெல்லாம் பாழ். கையைத் தட்டிவிட்டு உண்மையைக் கொட்டினேன்.

"மூஞ்சில ஆசிட்டா? அடிப்பாவி!" அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். "இந்த மூஞ்சிக்கு இன்னாடி கொற? நான் பெத்த மூஞ்சிடி இது!"

நானும் அழுதேன், கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது. வீடியோ காலில் மருத்துவரைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பின்னால் தெரிந்த வாசல் வேப்பிலையையும் பார்த்தார்.

"அம்மா, இது அம்மை இல்ல, நான் போட்ட மருந்து. வேப்பிலை வாசல்லயே இருக்கட்டும். முகத்துல மட்டும் வேணாம்."

"கொஞ்சூண்டு மஞ்சா?"

"அதுவும் வேணாம்மா."

அம்மா சாவியை எடுத்தாள். அன்றிலிருந்து அவள்தான் எனக்குக் காவல். என் கை கன்னத்துப் பக்கம் போனால் போதும், "கைய எட்றி!" என்று சுளீரென்று ஒன்று விழும்.

அதன்பின் நாலு பீல், மூன்று வாரத்துக்கு ஒன்றாக. மாயமெல்லாம் இல்லை. குழிகள் சில இருக்கின்றன, மாதவிலக்கு நெருங்கினால் தாடையில் ஒன்றிரண்டு இன்னும் எட்டிப்பார்க்கும். ஆனால் இப்போது பருவைக் கண்டால் பதறுவதில்லை. வந்தது நாலு நாளில் போகும். தோல் அவசரப்படாது என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது. அம்மாவைக் கேட்டால் எல்லாம் வேப்பிலையால் வந்தது என்பாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் மாஸ்க்கை வீட்டிலேயே மறந்துவிட்டேன். கேட்டில் நின்றபோதுதான் தெரிந்தது, தாடையில் புதிதாக ஒன்று வேறு. மெஷின் முன்னால் நின்றேன். பச்சை விளக்கு வந்தது. அப்பாடா என்று திரும்பி, முதல்முறையாக அந்த வரிசையை நேராகப் பார்த்தேன். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருத்தர் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நவுரும்மா, லேட்டாவுது" என்றார் பின்னால் நின்றவர், என் முகத்தைப் பார்க்காமலே.