தண்ணீர் குடிக்காத பெண்கள்

சமூகவியல் படித்துவிட்டு, அதற்குப் பிறகு நகரத் திட்டமிடல் படித்தவள் நான். காஞ்சிபுரத்தில் திட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலதிகாரி சொல்லிவிட்டார்: "ஜனங்ககிட்ட கதை கேக்கறதெல்லாம் காலேஜோட விட்டுடுங்க மேடம். இங்க மேப்தான்."

தலையாட்டினேன். ஆனால் விடவில்லை.

அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் பெண்களுக்கு ஒரு பொதுக் கழிப்பறை கட்டுவதாக இருந்தது. கோயிலுக்கு வருகிறவர்களின் வண்டிகள் நிற்கும் திடலில் இடம் குறித்திருந்தார்கள். வரைபடத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு பட்டுக்கடைகளுக்குப் போனேன்.

வாடிக்கையாளர் வேண்டாமென்று தள்ளிய புடவைகளை மடித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் சொன்னார்: "அந்தத் திடலுக்குப் போய்ட்டு வர அரை மணி நேரம் ஆவும்மா. மொதலாளி வுடுவாரா? காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கோம். அதான் தண்ணியே குடிக்கறதில்ல."

பக்கத்தில் நின்றவர் என் நோட்டைத் தட்டினார். "நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதையும் எழுதிக்கோ."

எழுதினேன். அலுவலகக் கூட்டத்தில் அதை அப்படியே படித்தேன்.

"அவங்க தண்ணி குடிக்கறது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல," என்றார் மேலதிகாரி. "நீங்க பிளானரா, சோசியாலஜிஸ்டா?"

"ரெண்டும்தான் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். திட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்து, ஒரு பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதிக் கோப்பில் சேர்த்தேன்.

பொதுமக்கள் கருத்துக்கேட்பைக் கடை நேரத்தில்தான் வைத்தார்கள். இருந்தும் அந்த இரண்டு பெண்களும் கடைச் சீருடைப் புடவையிலேயே வந்துவிட்டார்கள். புடவை மடித்தவர் எழுந்தார்.

"இன்னிக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காமதான் வந்துகிறேன் சார். இன்னும் எவ்ளோ வருசம் அடக்கிக்கினு இருக்கணும், சொல்லுங்க."

அங்கே யாரும் சிரிக்கவில்லை.

திடலில் திட்டமிட்டபடியே கட்டினார்கள். ஆனால் பட்டுக்கடைத் தெருவை ஒட்டிய சந்திலும் சின்னதாக ஒன்று வந்தது. மேலதிகாரி என்னை அந்தப் பணியிலிருந்து நீக்கி, திருப்புட்குழிப் பக்கத்துக் கிராமச் சாலை வேலைக்கு மாற்றினார். தண்டனை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

சந்தில் கட்டிய புதுக் கழிப்பறையைப் பார்க்கப் போனபோது, கருத்துக்கேட்பில் பேசியவர் எதிரே வந்தார். கடையில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"மொதலாளி திட்டினாரு. திட்டட்டும்மா," என்று சொல்லிவிட்டு வேகமாகக் கடைக்கு நடந்தார்.

மறுநாள் காலை திருப்புட்குழிக்குப் பேருந்து ஏறினேன். சாலையின் அகலத்தை அளக்கும் முன், அதில் தினமும் நடக்கிற பெண்களிடம் பேச வேண்டியிருந்தது.