அக்கா எழுதாத கடைசிக் காட்சி

‘உள் – குசினி – பகல். இரண்டு கோப்பைகளில் சோறு. ஒரு பெண் ஒன்றிலிருந்து மட்டும் சாப்பிடுகிறாள்.’ புதுக்குடியிருப்பில் நடந்த திரைக்கதை வகுப்பில் அக்கா எழுதி வாசித்த முதற்காட்சி இது. மனதில் நினைப்பதை எழுதக்கூடாது, கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டுமே எழுதவேண்டும் என்று அன்று காலைதான் சொல்லித்தந்திருந்தார்கள். என் தாள் முழுவதும் ‘அவள் ஏங்கினாள்’, ‘அவள் கலங்கினாள்’. அக்காவின் தாளில் அப்படி ஒரு சொல்கூட இல்லை.

அக்கா எனக்கு உறவில்லை. வகுப்பில் பக்கத்துக் கதிரை. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போட்டுப் பிழைப்பவர். கணவர் போரின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். ஓடிய ஓட்டத்தில் கலியாணப் படமும் தவறிவிட்டது. கணவருக்காக மாதா கோவிலில் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னால், “அது செத்த ஆக்களுக்கெல்லோ” என்பார். அவர் எழுதிய திரைக்கதையும் அந்தக் காத்திருப்புத்தான். கடைசிவரை யாரும் வருவதில்லை.

ஒரு கதையைப் படமாக்கத் தேர்ந்தெடுக்க வந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. முடிவு மட்டும் நம்பிக்கை தரவேண்டும், கணவர் திரும்பி வரவேண்டும் என்றார்கள். அக்கா மறுத்தார். அதைக் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த நான்தான் விடவில்லை.

“கதைதானே அக்கா. படத்திலயாவது வரட்டுமே.”

தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “அப்ப நீயே எழுது” என்றார்.

எழுதினேன். படலை திறக்கிறது, வாசலில் அவர். நான் எழுதியவற்றில் நல்ல காட்சி அதுதான் என்று பெருமைப்பட்டேன்.

பாடசாலை மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். வவுனியாவிலிருந்து வந்த நடிகர் படலையைத் திறந்தபோது சனம் அழுதது. அக்கா அழவில்லை. கைதட்டல் ஓயுமுன் எழுந்து போய்விட்டார். சில கிழமைகள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மீனைப் பிளந்து உப்பு வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வகுப்புக்கு வருவீங்களோ என்று கேட்டேன்.

“இல்லை, நான் வரேல்லை” என்றார். கை நிற்கவில்லை. “இவ்வளவு காலமும் கண்ணை மூடினா அவர் வருவார். இப்ப அந்த நடிகர்தான் வாறார். என்ர மனுசன்ர முகம் எனக்கு வருகுதில்லை.”

குரலில் கோபம்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அந்த முகத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

இன்று கிளிநொச்சியில் நானே திரைக்கதை கற்பிக்கிறேன். முடிவு எப்படி எழுதுவது என்று கேட்கிறவர்களிடம், அது உங்களுடையது என்று மட்டும் சொல்வேன். போன மாதம் அக்காவைச் சந்தையில் கண்டேன். வயது ஏறியிருந்தது. எதிரில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“முகம் இன்னும் வரேல்லை” என்றார், நான் கேட்காமலே.