ஓர் ஊசி குறைந்த இடம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. நினைவும் அங்கங்கே விட்டுப் போகிறது. பொறுத்துப் படியுங்கள்.

மகள் வெளியாளுக்கென்று பாகம் பாகமாகப் பூட்டிய முதல் கணினி அது. அதை வாங்கக் கடல் தாண்டி வந்த புக்கிட் மெர்தாஜாம்காரர் எங்கள் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் திருப்தியாகப் போனால்தான் அடுத்த ஆள் வருவார். மகளின் வலக்கையில் மாவுக்கட்டு. அதனால் கலர் விளக்குப் பட்டையின் வயரை மதர்போர்டில் சொருகும் கடைசி வேலை என்னிடம் வந்தது.

"மூணு ஓட்டை பிளக், மா. கீழ் ஓரத்துல பாருங்க, எழுதியிருக்கும்," என்றாள்.

எழுத்து எறும்பு அளவு. அந்த ஓரத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்றில் நான்கு ஊசிகள் வரிசையாக நின்றன. மற்றதில் இரண்டு ஊசி, ஒரு வெற்றிடம், அப்புறம் ஓர் ஊசி.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் லென்ஸ் வழியாக சிப்புகளின் ஊசி பார்த்தவள் நான். ஓர் ஊசி இல்லையென்றால் ரிஜெக்ட். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அதனால் ஊசி முழுதாக இருந்த இடத்திலேயே சொருகினேன். பிளக்கின் நடுவிலிருந்த இடைவெளியில் மிச்ச ஊசி போய் நின்றுகொண்டது. தடையில்லாமல் இறங்கியது.

"ஆண்ட்டி, ஃபெரி என்னை விட்டுட்டுப் போயிடும் லா," என்று சிரித்தார் வந்தவர்.

மகள் சுவிட்சுக்கு இடக்கையை நீட்டினாள். நான்கு ஊசிக்கு எதற்கு மூன்று ஓட்டை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் பிளக்குக்கு உரிய இடத்தில்தான் ஊசி குறைகிறது. ஆனால் அன்னியர் முன்னால் மகளின் போர்டைக் குறை சொல்வதா? அதற்குள் அவள் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

"தொடாத," என்று பக்கத்து இடத்தைக் காட்டினேன். "இதுல ஒரு ஊசி இல்ல. ரிஜெக்ட்."

வந்தவரின் சிரிப்பு நின்றது. மகள் குனிந்து பார்த்தாள்.

"நாலு ஊசியிலயா போட்டீங்க?" குரல் இறங்கிவிட்டது. "பட்டை அஞ்சு வோல்ட், மா. அதுல பன்னண்டு வரும். அமுக்கியிருந்தா கருகியிருக்கும்."

வெற்றிடம் வேண்டுமென்றே விட்டதாம். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக நிறம் சொல்லும் வகைக்கு மூன்று ஊசி. பட்டை முழுக்க ஒரே நிறமாக எரியும் வகைக்கு நான்கு.

மாற்றிச் சொருகினேன். இரண்டு தடவை தவறியது. பிறகு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் மாறி ஓடின.

"ரிஜெக்ட் இல்லதானே, ஆண்ட்டி?" என்றார் அவர். கேலியா, நிஜமா, தெரியவில்லை. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போனார்.

ஐந்தையும் பன்னிரண்டையும் நான் இடம் மாற்றி எழுதியிருக்கலாம். மகளிடம் மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். என்னை நம்பி யாரும் சொருகிவிடக் கூடாது.