இறவாணத்தில் செருகிய கிளாஸ்

கொட்டாங்கச்சியில் பாயசம் வந்தது. நன்றாகத் தேய்த்து எண்ணெய் பூசிய கொட்டாங்கச்சி. உள்ளே பால் பாயசம், மேலே இரண்டு முந்திரி. ஏலக்காய் வாசனை கமகமவென்று வந்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்சம் இருங்கள், முறையாகச் சொல்கிறேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு முன்னுக்குப் பின்னாக வந்துவிடும். ஓசூரில் பெங்களூரு போகிற சாலையோரம் புதிதாக ஓர் ஓட்டல் திறந்திருக்கிறார்கள். என் மகள் கவிதா, கம்பெனியில் சூப்பர்வைசர் ஆன சந்தோஷத்தில் என்னை அங்கே சாப்பிடக் கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்தால் குழாய் வைத்த கிராமபோன், அரிக்கேன் விளக்கு, மூக்கு நீண்ட பழைய மோட்டார் பஸ்ஸின் படம். சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: 'இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஒரு பொற்காலம்.' யாருக்கு ஐயா பொற்காலம்? அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைத்த ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுதியிருக்கக் கூடாதா?

என் அப்பா கல் உடைத்தவர். நான் பிறந்தபோதே அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. வருஷம், தேதி எதுவும் அவருக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும், "மொத சண்ட முடிஞ்சி, ரெண்டாஞ் சண்ட வர்றதுக்கு மின்ன" என்றுதான் ஆரம்பிப்பார். நாங்கள் கெலமங்கலம் பக்கத்துச் சேரிக்காரர்கள். ராகி விலை விழுந்ததென்று நிலக்காரர்கள் கூலித் தானியத்தைக் குறைத்தார்கள். சேரியில் பாதிப்பேர் கோலார் தங்கவயலுக்கு மூட்டை கட்டினார்கள். அப்பா ரோடு போடப் போனார். பஸ் வருவதற்காகப் போட்ட ரோடு அது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே காப்பிக் கடையும் வந்தது. அதுவரை எங்கள் சேரியில் காப்பியை யார் கண்டார்கள்? கூழ்தான்.

காப்பி புதுசு, பஸ் புதுசு, கிராமபோன் புதுசு. எங்களுக்கென்று வந்தது கொட்டாங்கச்சி. ரோடு போட்ட சேரி ஆட்கள் காப்பி குடிக்கக் கடைக்குப் பின்பக்கம் போக வேண்டும். கூரையின் இறவாணத்தில், ஓலைக்கும் மூங்கிலுக்கும் நடுவே, ஆளுக்கொரு கொட்டாங்கச்சி செருகியிருக்கும். அப்பா தன்னுடையதில் ஆணியால் மூன்று கோடு கீறி வைத்திருந்தாராம். அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள். குடித்ததும் கழுவி, பழையபடி செருகிவிட்டு வர வேண்டும். ஒருநாள் மறந்து தரையிலேயே விட்டுவிட்டு வந்தவரை ரோட்டில் போட்டு அடித்தார்களாம். இதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் கோபமே இல்லை. எனக்கு அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

"காப்பி எப்பிடிப்பா இருந்துச்சி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சி. கொஞ்சம் பொக வாசன அடிக்கும். எறவாணத்துலயே கெடக்குதில்ல" என்றார்.

ஓசூருக்குக் கம்பெனிகள் வந்த புதிதில் எனக்கு லேத் ஓட்டும் வேலை கிடைத்தது. மதுரை, திருநெல்வேலி, சேலம் என்று எல்லா ஊர் ஆட்களும் இருந்தார்கள். யூனிபாரம் போட்டு, ஆயில் வாசனையோடு நடப்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. கொஞ்சமா? கால் தரையிலேயே படவில்லை! யாராவது ஊரைக் கேட்டால் கெலமங்கலம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சேரி என்று சொன்னதில்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் அப்பா கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை நிறைய அவரைக்காய். எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை டீக்கடை. அவருக்குக் கண்ணாடிக் கிளாஸில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட வேலை செய்கிறவர்களோடு பேச்சில் இருந்துவிட்டேன்.

திடீரென்று கடைக்காரர், "ஒரு கிளாஸு கொறயுதே, யாரு எடுத்தது?" என்றார். அவர் கண் நேராக மஞ்சள் பைக்குப் போனது. "பெருசு, அந்தப் பையக் காட்டு."

அப்பா சிரித்தார். "எங்கயும் போவல சாமி. கழுவிப் பத்தரமா வெச்சிருக்கறன்." கையை உயர்த்தி, கொட்டகையின் இறவாணத்திலிருந்து அந்தக் கிளாஸை உருவி எடுத்து நீட்டினார்.

கொட்டகையே சிரித்தது. சேலத்துக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் யார்மேல் பாய்ந்திருக்க வேண்டும்? பையைக் காட்டச் சொன்னவர்மேல். பாய்ந்தது அப்பாமேல்.

"அறிவிருக்குதா உனக்கு? எல்லாரும் பாக்கறாங்க. கெளம்பு மொதல்ல!"

அவர் கிளாஸை மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு, அது சரியான இடம்தானா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு பஸ் ஏறிவிட்டார். சாகிறவரைக்கும் ஓசூருக்கு வரவில்லை. 'தப்புப்பா' என்று ஒரு வார்த்தை நானும் சொல்லவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது அந்தப் பாயசத்துக்கு வருகிறேன். "தம்பி, இத எடுத்துட்டுப் போ. டம்ளர்ல கொண்டா" என்றேன் பரிமாறியவரிடம்.

"சார், இதான் சார் எங்க ஸ்பெஷல். ஹெரிடேஜ் சார்."

"யாரோட ஹெரிடேஜ்? எடுன்னா எடு!"

கவிதா என் கையைப் பிடித்தாள். "அப்பா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க."

அதே வார்த்தை. அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. பிள்ளை தலைநிமிர்ந்து வளரட்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். அந்த மூன்று கோடுகளையும் சொன்னேன், மஞ்சள் பையையும் சொன்னேன். அப்பாவிடம் நான் கத்தியதையும் மறைக்கவில்லை. அவள் தன் பங்கையும் தள்ளி வைத்து, "அண்ணா, ரெண்டையும் எடுங்க" என்றாள்.

கெலமங்கலத்துக் காப்பிக் கடை இருந்த இடத்தில் இன்றைக்குச் செல்போன் விற்கிறார்கள். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடைக் கொட்டகை போய் மேம்பாலம் வந்துவிட்டது. அப்பா உடைத்த கல் எந்தத் தாருக்கடியில் கிடக்கிறதோ. இறவாணம் என்றால் என்னவென்று கவிதாவுக்கு நான் கையால் காட்ட வேண்டியிருந்தது. போகட்டும், எல்லாம் ஒழியட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தப்புப்பா என்று சொல்ல அப்பா இல்லை, அது ஒன்றுதான்.

டம்ளரில் பாயசம் வந்தது. குடித்தேன். கழுவாமல், மேசையின் நட்டநடுவில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.