நீங்கலாக என்றொரு சொல்

போன வாரம், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவன் வருஷத்துக்கு ஒருமுறை இதை நிரூபித்தாக வேண்டும். மூன்று தடவை விரலை அழுத்தியும் இயந்திரம் என்னை நம்பவில்லை. "கையை நல்லாத் துடைச்சிட்டு வாங்க பெரியவரே" என்றாள் அங்கிருந்த பெண். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்ச் சந்திலிருந்து ஒரு வாசனை வந்தது. சீனியும் முந்திரிப் பருப்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் மெல்லிய சூட்டில் காய்கிற வாசனை. மக்ரூன். கையைத் துடைக்க மறந்து நின்றுவிட்டேன்.

தூத்துக்குடி மக்ரூன் என்றால் எல்லோருக்கும் அதன் வெள்ளை நிறம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு மஞ்சள். மக்ரூனுக்கு வெள்ளைக்கரு மட்டுமே வேண்டும் என்பதால் மஞ்சள் கரு மிஞ்சிப்போகும். ஓட்டல்களுக்குக் கொடுத்தது போக மீதியைத் தூக்குச்சட்டியில் ஊற்றித் தெரிந்தவர்களுக்கு அனுப்புவார்கள். அந்தத் தெரிந்தவர்களில் நான் முக்கியமானவன். அந்தக் காலத்தில் நான் பகலில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா, சாயங்காலம் சிறு பேக்கரிக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் சம்பளம் கிடையாது, மஞ்சள் கரு உண்டு. தினமும் ஆம்லெட் போட்டு அலுத்துப்போன என் மனைவி, "அந்தச் சங்கத்துல வெள்ளையா எதுவும் தரமாட்டாவளா?" என்று கேட்பாள்.

பேக்கரிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு டைப் அடிக்கத் தெரியும். எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டேன். சங்கத் தலைவர் சூசை அண்ணாச்சிக்கு இந்த இரண்டும் பிடித்துப்போனது. அவருக்குச் சொந்தமாகப் பெரிய கடை இருந்தது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வீட்டுப் பின்கட்டில் செங்கல் அடுப்பு கட்டி, மக்ரூன் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள்.

அவர்களில் ஒருத்தி தெரசம்மாள். அவள் கணவர் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு ஒடிந்து, படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தார். அடுப்படிக்கு அடுத்த அறையில் அவர் கட்டில். மாவைக் கூம்பு கூம்பாகத் தட்டில் வைப்பாள், போய் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள், கையைக் கழுவிவிட்டு அடுத்த தட்டுக்கு வருவாள்.

அப்போதுதான் சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. குடியிருப்புத் தெருக்களில் அடுப்பு வைத்துத் தின்பண்டம் தயாரிக்கக் கூடாது, தயாரிப்பவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குப் போய்விட வேண்டும் என்று ஒரு பிரிவு. சூசை அண்ணாச்சி போன்றவர்கள் எப்படியோ போய்விடுவார்கள். வீட்டு அடுப்புக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம்.

"அடுப்ப மூடுன்னா மூடிருதேன் செக்கட்டரி. அதுக்கப்புறம் சோத்துக்கு என்ன செய்ய? பேட்டைக்குப் போனா இவுகள யாரு பாப்பா?" என்று தெரசம்மாள் கேட்டாள். மனுவில் இதை எழுதினால் கல்லும் கரையும் என்று நான் காகிதத்தை உருளையில் செருகினேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "அத மட்டும் எழுதாதிய. எம் புருசனக் காட்டிப் பிச்சை எடுத்த மாதிரி ஆயிரும்."

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. நல்ல மனிதர். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "மசோதாவ ஒரு குழு பாக்குது. குழுத் தலைவர நேர்ல பாத்துச் சொன்னாத்தான் ஆகும். வடக்க உள்ள ஆளு, வக்கீலு. வளவளன்னு பேசாம ஒழுங்காப் பேசணும்" என்றார்.

சூசை அண்ணாச்சி, தெரசம்மாள், நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். ஒழுங்காகப் பேச வைப்பது என் பொறுப்பாயிற்று. சென்னைக்குப் போகிற ரயிலில் நான் பயந்தது ஒரே ஒரு வார்த்தைக்கு. எங்கள் பக்கத்தில் மதிப்பான ஆண்பிள்ளை யாரானாலும் அண்ணாச்சிதான். சென்னையில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். குழுத் தலைவரை யாராவது அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தால் காரியம் கெட்டுவிடுமே! "ஐயா, ஐயான்னுதான் சொல்லணும். அண்ணாச்சி வாயிலயே வரக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சரி ஐயா" என்றார் சூசை அண்ணாச்சி.

"என்னைச் சொல்லல அண்ணாச்சி."

"பாத்தீரா, மொதல்ல நீரு நிறுத்தும்."

தெரசம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். கணவருக்குத் துணையாக நாத்தனாரைக் கெஞ்சி வைத்துவிட்டு வந்திருந்தாள். மடியில் ஒரு டின் மக்ரூன். அதைத் தலைவருக்குக் கொடுப்பது மரியாதையா, லஞ்சமா என்று எனக்கு ஒரு தனிக் கவலை. டின்னுக்குள் உடைந்தது எத்தனை, முழுசு எத்தனை என்று ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் மூடியைத் திறந்து பார்த்தேன். "காத்து பட்டா நமுத்துப் போவும், மூடும்வே" என்று சூசை அண்ணாச்சி கடைசியில் டின்னைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

எம்.எல்.ஏ.க்கள் விடுதி வராண்டாவில் கூட்டம். வேலை கேட்டு வந்தவர்கள், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கேட்டு வந்தவர்கள், எதற்கு வந்தோம் என்றே மறந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள். தெரசம்மாள் பாடத்தை நன்றாகவே படித்திருந்தாள். வாசலில் நின்ற போலீஸ்காரரை ஐயா என்றாள். டீ கொண்டுவந்தவரை ஐயா என்றாள். செருப்பைத் தள்ளி விடச் சொன்ன ஒரு கட்சிக்காரரையும் ஐயா என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். குழுத் தலைவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என் மனுவைப் புரட்டினார். ஒரு தட்டுக்கு எத்தனை கூம்பு, ஒரு மூட்டை சீனிக்கு எத்தனை தட்டு, எந்தத் தெருவில் எத்தனை அடுப்பு என்று எல்லாம் கட்டம் போட்டு டைப் அடித்திருந்தேன். கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"எல்லாம் இருக்குங்க. உங்களுக்கு என்ன வேணும்? அது எங்க இருக்கு?"

நான் தேடினேன். இல்லை. கோரிக்கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். சூசை அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

தலைவரே கேட்டார். "பேட்டை ஊருக்குப் பக்கத்துலதானே? அங்க அடுப்பு போட்டுத் தரப் போறாங்க. ஒரு பஸ்ஸு ஏறினா போயிடலாம். இதுல என்னம்மா கஷ்டம்?"

தெரசம்மாள் முன்னால் வந்தாள். "நான் பஸ்ஸேறி வந்திருவேன் அண்ணாச்சி. வீடு ஏறாதுல்லா."

வந்தேவிட்டது அந்த வார்த்தை. பக்கத்தில் நின்ற உதவியாளர் சீறினார். "என்னம்மா, ஐயாவப் பாத்தா மளிகைக் கடை வச்சிருக்கிற மாதிரியா இருக்கு?"

"கடை வச்சிருந்தா அம்புட்டுக் கேவலமா ஐயா?" என்று அவரிடம் திரும்பினாள். "கடைக்காரவுகதான நாங்க எல்லாரும். அதுக்குத்தான இங்கன வந்து நிக்கோம். எங்க ஊருல அண்ணாச்சின்னா மதிப்பு. உங்கள ஐயாங்கேன், பாத்துக்கிடுங்க."

 தலைவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து, "வீட்டுல யாரும்மா இருக்காங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். தெரசம்மாள் என் கால்விரலை மிதித்தாள். "எல்லாரும் இருக்காவ அண்ணாச்சி" என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. புரிந்ததோ என்னவோ, பேனாவைத் தேடி எடுத்தார்.

உதவியாளர், இதற்குத் தனியாக ஒரு பிரிவு எழுத வேண்டும், நேரமில்லை என்றார். "ஒரு சொல்லு போதும்" என்றார் தலைவர். என் மனுவின் ஓரத்தில் எழுதினார்: வீட்டோடு சேர்ந்த சிறு அடுப்புகள் நீங்கலாக. "குழுவுல வைக்கிறேன். மத்தவங்க ஒத்துக்கணும். நம்பிக்கையாப் போய்ட்டு வாங்க."

டின்னை அவர் வாங்கவில்லை. "சட்டம் முடியட்டும், காசு குடுத்தே வாங்குறேன்" என்றார். தெரசம்மாள் வராண்டாவில் இருந்தவர்களுக்கெல்லாம் அதைக் கொடுத்தாள். நான் திறந்து திறந்து பார்த்ததில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. போலீஸ்காரர் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, "ஜவ்வு மிட்டாயா?" என்று கேட்டார்.

அதற்குப் பின் காத்திருந்த நாட்களை மட்டும் நான் எண்ணவில்லை. எண்ணினால் கெட்டுவிடும் என்று ஒரு பயம். நிறைவேறிய சட்டத்தின் நகல் வந்தபோது சங்க அறையில் எல்லோரும் கூடினார்கள். நான் அந்தப் பிரிவைத் தேடி விரல் வைத்து வாசித்தேன். சொல் இருந்தது.

"எங்க, காட்டுங்க" என்று தெரசம்மாள் குனிந்து பார்த்தாள். "இம்புட்டுத்தானா?"

"அஞ்செழுத்து" என்றேன்.

"அஞ்செழுத்துக்கா மெட்ராஸ் வரைக்கும் இழுத்துட்டுப் போனிய?"

எங்கள் தெருவில் ஐந்தெழுத்து என்றால் சாமி பெயர். அவளுக்கு அது அடுப்பு. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

சேதியைச் சொல்ல நானும் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படிக்குப் போன சமயம், கட்டிலில் கிடந்தவர் என்னை அருகே கூப்பிட்டார். "அங்கன என்னையப் பத்திச் சொன்னாளா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்ல மாட்டா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் இருந்தது பெருமை என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வங்கி வாசலில் இவ்வளவும் மனசில் ஓடி முடிந்ததும் சந்துக்குள் நடந்தேன். தெரசம்மாளின் மருமகள் தட்டுகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். துபாயிலிருந்து ஆர்டர் வருகிறதாம். ஏதோ புது விதிக்காக அவளும் சிலரும் சேர்ந்து இணையத்தில் மனுப் போட்டிருக்கிறார்களாம். "பதிவாயிருச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு தாத்தா. யாரப் போய்ப் பாக்கணும்னுதான் தெரியல." பதில் வராவிட்டால் சேர்ந்து கிளம்பிவிடுவதாகச் சொன்னாள். அவளும் யாரையாவது அண்ணாச்சி என்று கூப்பிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தூக்குச்சட்டி இருக்கிறதா என்று கேட்டேன். மஞ்சள் கருவை இப்போது ஒரு கம்பெனி மொத்தமாக எடுத்துக்கொள்கிறதாம்.

வங்கிக்குத் திரும்பி விரலை வைத்தேன். இந்தத் தடவை இயந்திரம் ஒத்துக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியில் வழக்கம்போல எண்ணிக்கொண்டே வந்தேன். கார்பன் தாள், டைப்ரைட்டர், செல்போன் கடையாகிவிட்ட சங்க அறை, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்றிருந்த அந்த வராண்டா, மூடும்வே என்று அதட்டுகிற சூசை அண்ணாச்சி, அடுப்படிக்கு அடுத்த அறையில் கிடந்த அந்தக் கட்டில், கால்விரலை மிதிக்கிற தெரசம்மாள், ஆம்லெட்டைக் கண்டு முகம் சுளிக்கிற என் மனைவி. எல்லாம் போய்விட்டன, வீட்டோடு சேர்ந்த சிறு அடுப்பு நீங்கலாக.