மாவுக்கட்டுக்குப் பொருந்திய வண்டி

சர்வேயருக்குத் தன் நாத்தனார் புருஷனைக் கண்டாலே ஆகாது. அவருக்கும் அவளைக் கண்டால் ஆகாது. ஒரே வீட்டில் அவர் கீழ்த்தளம், அவள் மேல்தளம் என்று ஆறு வருஷம் இப்படியே ஓடியிருந்தது.

அவள் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வெயிலில் காய்ந்து, முள்ளில் கிழிபட்டு, அடித்துக்கொள்ளும் இரண்டு பேருக்கு நடுவே நின்று "கல் இங்கேதான் வரும்" என்று சொல்கிற வேலை. யாரிடமும் திட்டு வாங்காமல் அவள் வீடு திரும்பிய நாள் குறைவு. அதனால் யார் எவ்வளவு திட்டினாலும் அவளுக்கு உறைக்காது. யாராவது உபகாரம் செய்தால்தான் உறைக்கும்.

அவள் கணவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சின்ன வயதிலேயே இடது கண் பார்வை போய்விட்டதால் அவனுக்கு வண்டி ஓட்ட உரிமம் கிடைக்கவில்லை. அதிர்ந்து பேசத் தெரியாதவன். அக்காள் என்றால் உயிர். அப்பா விட்டுப்போன வீட்டை அக்காளும் தம்பியும் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டார்கள். அக்காளோடு சேர்ந்து வந்தவர்தான் அந்த மனிதர். ஊரில் அவரைச் சேர்மன் என்பார்கள். எதற்கும் அவர் தலைவராக இருந்ததில்லை. பேசுகிற தோரணையைப் பார்த்து யாரோ வைத்த பெயர், அவருக்கும் பிடித்துப்போய் ஒட்டிக்கொண்டது.

குழந்தை பிறந்து ஏழாவது மாதத்தில் இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடித்தார்கள். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, மூட்டைச் சரிசெய்து, மார்புக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். இரண்டு கால்களும் அகல விரிந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு குச்சியோடு, தூக்கினால் குழந்தையைத் தூக்குகிற மாதிரியே இருக்காது. ஏதோ நாற்காலியைத் தூக்குகிற மாதிரி இருக்கும். பகலில் நாத்தனார்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு குறை சொல்ல முடியாது. கட்டின் ஓரம் உரசுகிற இடத்தில் பஞ்சு வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்து, தன் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் அதையே ஒரு வேலையாகச் செய்தாள்.

வாராவாரம் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. சேர்மனிடம் கப்பல் மாதிரி ஒரு வண்டி இருந்தது. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவரே சொன்னார். சொன்னதோடு விட்டாரா? ஒவ்வொரு முறையும் சீட்டின் மேல் பழைய போர்வையை விரித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

"கட்டு உரசி சீட்டு கிழிஞ்சிடப்போவுது, பாத்துக்கம்மா."

வீட்டுக்கு யார் வந்தாலும், "நான் இல்லேன்னா இந்தக் குழந்தையோட கதி என்ன, சொல்லுங்க" என்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். மேலே படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் சர்வேயர் பல்லைக் கடித்துக்கொள்வாள். அவருடைய வண்டியில் எந்தக் குழந்தை இருக்கையும் அந்தக் கட்டுக்குப் பொருந்தவில்லை. மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவள் இரண்டு கையாலும் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மருத்துவரைப் பார்த்து முடித்தாயிற்று. அரை மணியில் வருகிறேன் என்று போனவர் மூன்று மணிவரை வரவில்லை. போனை எடுக்கவில்லை. நல்ல மழை. மருத்துவமனை வாசலில் சாரல் எல்லாப் பக்கமிருந்தும் அடித்தது. வாடகை வண்டிகள் இரண்டு வந்தன. குழந்தையைப் பார்த்ததும் ஒருவர், "இதை எப்படிம்மா ஏத்துறது? ஏதாவது ஆச்சுன்னா என் தலையில விழும்" என்று கிளம்பிவிட்டார். இன்னொருவர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. அவள் தன் துப்பட்டாவையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் கட்டின் மேல் சுற்றி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகு முழுக்க நனைந்தது.

சேர்மன் வந்தார். "ஒரு ஃபிரெண்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடாம விடமாட்டேன்னுட்டாங்க." பிறகு பின்னால் திரும்பிப் பார்த்து, "போர்வை மேல உக்காரும்மா, ஈரமா இருக்க" என்றார்.

நான்கு நாளில் கட்டு நாறத் தொடங்கியது. ஈரம் உள்ளே இறங்கித் தொடையில் புண். கட்டை அறுத்தெடுத்து, மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து, மறுபடியும் கட்டினார்கள். எட்டு மாதக் குழந்தையை இரண்டாவது முறையாக மயக்க மருந்து கொடுக்கும் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, அவள் மனசில் அந்த மனிதருக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடமும் அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் நேரே கீழ்வீட்டுக் கூடத்துக்குப் போனாள்.

"இனிமே உங்க வண்டி எங்களுக்கு வேண்டாம்ண்ணே."

"ஓஹோ. அப்போ பல்லக்குல போவீங்களா?"

"வாங்கிக்கிறோம்."

"வாங்குறதுன்னா என் வண்டியையே எடுத்துக்க. நான் வேற பாத்துக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இருந்த மாதிரி இருக்கும்."

"குடிக்கிற பெட்ரோலுக்கே எங்க ரெண்டு பேர் சம்பளமும் சரியாப்போகும். உங்களுக்கே கட்டுப்படியாகாம தள்ளிவிடப் பாக்குறீங்க."

பக்கத்தில் நின்ற கணவன், "விடு" என்றான், யாரிடம் என்று தெரியாமல். சேர்மனின் முகம் கறுத்தது. அது உண்மை என்பது அவருக்கும் தெரியும்.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் பெண், வண்டியில் மாட்டுகிற ஒரு தனிக் குழந்தை இருக்கையை இரவல் கொடுத்தாள். பக்கங்கள் தாழ்ந்து, கால் விரிந்தபடியே உட்காரக்கூடியது. சர்வேயர் அன்றைக்கே அளவு நாடாவை எடுத்தாள். முழங்காலுக்கு முழங்கால் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். இருக்கையின் அடிப்பாகம் நாற்பத்தைந்து. குழந்தையைக் கவிழ்க்காமல், சாய்க்காமல் உள்ளே கொண்டுபோகக் கதவு எவ்வளவு திறக்க வேண்டும், கூரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்தாள். பிறகு வாசலுக்குப் போய் இன்னொரு இடத்தையும் அளந்துகொண்டு வந்தாள். அது எதற்கு என்று கணவன் கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்" என்றாள்.

முதல் கடையில் விற்பனையாளர் கணவனை மட்டும் பார்த்தே பேசினார். "சார், பிக்கப் பாருங்க சார். மேடத்துக்கு நான் கலர் காட்டுறேன்."

மேடம் அதற்குள் தரையில் முட்டி போட்டுக் கதவிடுக்கில் நாடாவை நீட்டியிருந்தாள்.

"மேடம், அதெல்லாம் யாரும் அளக்க மாட்டாங்க."

"நான் அளப்பேன். அவருக்கு ஓட்டத் தெரியாது, எங்கிட்ட பேசுங்க."

பின்பக்கக் கூரை சரிந்திருந்தது. குழந்தையைத் தலைகீழாகச் செருகினால்தான் உண்டு. இரண்டாவது கடையில் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் மேடம்" என்றார்கள். "கட்டு அட்ஜஸ்ட் பண்ணாதுங்க" என்று வெளியே வந்தாள்.

மூன்றாவது, பழைய வண்டிகள் விற்கிற இடம். அங்கே வயதான முதலாளி, இருக்கையை மாட்டுவதற்குக் கொக்கி எங்கே என்று அவள் கேட்டதும் சிரித்தார்.

"கொக்கி எதுக்கும்மா? மடியில வெச்சுக்க வேண்டியதுதானே. நாங்கல்லாம் அப்படித்தான் வளந்தோம்."

"உங்ககூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"ஏழு."

"இப்ப எத்தனை பேரு இருக்கீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் கணவன், "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு யாரையாவது கடிக்க வேண்டும் போலிருந்தது, கடிக்கிற வாய்க்கு அவராகவே கையை நீட்டினார்.

நான்காவது இடத்தில் ஒரு மூலையில் தூசு படிந்து நின்றது அந்த வண்டி. மங்கிய மஞ்சள். நேர்க்கோட்டில் வெட்டிவைத்த பெட்டி. அதைக் காட்டுவதற்கே விற்பனையாளர் கூச்சப்பட்டார். "இதை யாரும் கேக்குறதில்ல மேடம். ரொட்டி டப்பான்னு கிண்டல் பண்றாங்க. சின்ன இன்ஜின். சீறிக்கிட்டுப் போகாது. ஆனா ஊத்துன பெட்ரோல் தீரவே தீராது, அதை மட்டும் சொல்லலாம்."

அவள் பின்கதவைத் திறந்தாள். ஏறக்குறைய செங்கோணத்துக்கு விரிந்தது. சீட்டு அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது, குனிய வேண்டாம். இருக்கையை மாட்டி, குழந்தையை அப்படியே நேராக உள்ளே கொண்டுபோனாள். முழங்காலுக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிஞ்சியது. குழந்தை அழவில்லை. முன்சீட்டின் பின்புறத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டியது. அப்புறம் அவள் வண்டியின் நீளத்தை முன்னிருந்து பின்வரை அளந்தாள். முதல் தடவையாக அவள் முகம் தளர்ந்தது.

"இதையே எடுத்துக்கலாம்" என்றான் கணவன். அவள் சொல்லி அவன் கேட்கிற வீட்டில், அவன் முந்திக்கொண்டது அதுதான் முதல்.

மஞ்சள் வண்டி வாசலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சேர்மன் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பொம்மை நல்லாருக்கு. எங்க நிறுத்துறதா உத்தேசம்? உள்ள ஒரு வண்டிக்குத்தான் இடம்."

"மாடிப்படிக்குப் பக்கத்துல."

"அங்க என் சாமான் கிடக்கு."

உடைந்த சோபாவும் ஓடாத துணி துவைக்கும் இயந்திரமும் நான்கு வருஷமாக அங்கே கிடந்தன. அவள் கைப்பையிலிருந்து வீட்டு வரைபடத்தை எடுத்து விரித்தாள். "இது பொது இடம்ண்ணே. ரெண்டு பேருக்கும். இதுக்குள்ள எந்த வண்டி அடங்கும்னு பாத்துட்டுத்தான் வாங்கினேன்." சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு கோடு இழுத்தாள். வயலிலும் அவள் அப்படித்தான் இழுப்பாள், யார் முகத்தையும் பார்க்க மாட்டாள்.

"என் வீட்டுலயே கோடு போடுறியா நீ?"

"பாதி வீட்டுலண்ணே."

சத்தம் கேட்டு நாத்தனார் ஓடிவந்தாள். கோட்டைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஒரு வண்டிக்காக இப்படி உறவை அளந்து பிரிக்கிறியே."

"குழந்தை மழையில நனைஞ்ச அன்னிக்கு இவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணி?"

நாத்தனார் கணவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "கேட்டேன். கேட்டதுக்கு எனக்கு என்ன கிடைச்சதுன்னு உனக்குத் தெரியாது" என்றாள்.

"உள்ள போ" என்றார் சேர்மன். அவள் போய்விட்டாள். என்ன கிடைத்தது என்று சர்வேயர் கேட்கவில்லை. கோபம் தொண்டைவரை இருக்கும்போது வேறு எதுவும் உள்ளே போகாது. அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறாள்.

யாரும் எதிர்பாராத காரியத்தை அவள் கணவன் செய்தான். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு சோபாவின் ஒரு முனையைப் பிடித்தான். "மாமா, அந்தப் பக்கம் பிடிக்கிறீங்களா, இல்ல நானே இழுத்துக்கட்டுமா?" சேர்மன் அசையவில்லை. அவன் தனியாகவே இழுத்தான். தரை முழுக்கக் கீறல் விழுந்தது. மைத்துனன் குரலில் அவர் கேட்ட முதல் எதிர்ப்பு அது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து நாத்தனார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று தகவல் வந்தது, அவள் வாயால் அல்ல, அவர் வாயால். சர்வேயர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைக் காப்பகத்தைப் பிடித்தாள். அங்கே இருந்தவள் கட்டைப் பார்த்துவிட்டு முடியாது என்றாள். மூன்று நாள் அலைந்து, மல்லுக்கட்டி, மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் காட்டிய பிறகுதான் சேர்த்துக்கொண்டாள். அங்கே யாரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிவிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளே ஓடிப்போய்ப் புரட்டிவிட்டு வந்தாள்.

தினமும் காலையில் சேர்மனின் கப்பல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மஞ்சள் வண்டியை ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் ஒடித்துத்தான் வெளியே எடுக்க முடியும். அவர் ஜன்னலோரம் நின்று, எங்கேயாவது இடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஒரு நாளும் இடிக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு வஞ்சகமான சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்கு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். மூட்டு உட்கார்ந்துவிட்டது. கால்கள் குச்சி குச்சியாக, தோல் உரிந்து, வெளுத்துக் கிடந்தன. வீட்டுக்கு வந்து இறங்கியபோது கீழ்வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சேர்மன் அவ்வளவு அடக்கமாக நிற்க மாட்டார். சர்வேயர் சாவியைத் தேடுகிற மாதிரி கைப்பையைத் துழாவிக்கொண்டு, குழந்தையை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி, துணியை விலக்கி, அந்த இரண்டு கால்களும் தெரியும்படி கொஞ்ச நேரம் நின்றாள். சாவி கையிலேயே இருந்தது.

உள்ளேயிருந்து சேர்மனின் குரல் கேட்டது. "யாரது வாசல்ல?"

"யாருமில்ல" என்றாள் நாத்தனார்.

இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. குழந்தை நடக்க ஒன்றரை வயது தாண்டிற்று. சேர்மன் வெளியூர் போகிற நாட்களில் கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். சர்வேயர் போகச் சொன்னதுமில்லை, போகாதே என்றதுமில்லை. திரும்பி வரும்போது குழந்தையின் தலை படிய வாரிப் பின்னியிருக்கும். அவள் அதைக் கலைக்காமல் விட்டுவிடுவாள்.