ரெண்டு பேருன்னா போயி திரும்பிடலாம்

மீட்டரில் பெட்ரோல் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தால், டேஷ்போர்டில் இருக்கும் முருகன் படத்துக்குப் போட்ட கதம்பச் சரத்தை இழுத்து அதன்மேல் விடுவார் வீரபத்திரன். சவாரிக்காரர்கள் பார்த்தால் வீணாகப் பயப்படுவார்களாம். அப்புறம் இறக்கம் வந்த இடத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு, பின் சீட்டில் எத்தனை பேர் என்று கண்ணாடியில் ஒரு நோட்டம்.

திருத்தணி ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார்களே இரண்டு மூன்றுதான் நின்ற எழுபதுகளில், அவருடைய கறுப்பு ஃபியட்டுக்குத் தனி மவுசு. விளக்கு எரிந்தால் மற்றவர்கள் பெட்ரோல் பங்க்கைத் தேடுவார்கள். இவர் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கில் மைல் கிடையாது, ஊர்கள்தான். "ரெண்டு பேருன்னா பொதட்டூர்பேட்ட போயி திரும்பிடலாம். அஞ்சு பேருன்னா போவலாம், திரும்பறது அவன் செயல்." மலையில் மொட்டை போட்டுவிட்டு வரும் குடும்பம் என்றால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்: "முடி எறங்கிட்ச்சி இல்ல? வெயிட்டு கம்மி."

கணக்கு தப்பாமலும் இல்லை. ஒருமுறை நகரிக்கு இந்தப் பக்கமே வண்டி படுத்துவிட்டது. மொட்டைத் தலைகள் வெயிலில் மின்ன, குடும்பமே இறங்கித் தள்ளியது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "எதிர்காத்துங்க, நா இன்னா பண்றது!" என்றார். தள்ளியவர்களே சிரித்துவிட்டார்கள். அது அப்படி ஒரு காலம்.

பள்ளி விடுமுறையில் மகள் அம்சா முன் சீட்டில் ஏறிக்கொள்வாள். "நைனா, செவப்பு!" என்று முதலில் கத்துவது அவள் உரிமை. வண்டி எது வரை போகும் என்று இருவரும் வேர்க்கடலைப் பொட்டலத்துக்குப் பந்தயம் கட்டுவார்கள். அந்த நாட்களை நினைத்தாலே வீரபத்திரனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அவளைப் பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் கொடுத்தார். தலை ஆடிக்கு வந்து, கிருத்திகைக் காவடியெல்லாம் பார்த்து, ஒரு மாதம் வீட்டைக் கலகலப்பாக்கியவளை ஆவணி பிறந்ததும் கொண்டுபோய் விடக் கிளம்பினார். ஊரைத் தாண்டியதும் சிவப்பு எரிந்தது. அம்சா கத்தவில்லை. அவரும் பூவை இழுத்துவிடவில்லை. வண்டியை ஓரம் கட்டினார்.

"எரியுது பாத்தியா? போவாதும்மா. வூட்டுக்குத் திரும்பிட்டு நாளைக்கு போலாம்."

இத்தனை வருஷத்தில் போகாது என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. இன்னும் ஒரே ஒரு ராத்திரி அவள் தம் வீட்டில் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அம்சா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு இருப்பாரு நைனா. நாம ரெண்டு பேருதானே..."

கையை நீட்டி, கதம்பச் சரத்தை இழுத்துச் சிவப்பின்மேல் விட்டாள்.